ராலே பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் பார்: மேட்ச் பாக்கவும் மனசு விட்டு வாதாடவும்

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் "அண்ணே, மேட்ச் பாக்க நல்ல எடம் எதுண்ணே, வீட்ல தனியா உக்காந்து பாத்தா ஒண்ணுமே ஏற மாட்டேங்குது"ன்னு கேட்டான். அவனுக்கு வாட்ஸப்ல டைப் பண்ண ஆரம்பிச்சு அது ரொம்ப நீளமா போயிடுச்சு, சரி எல்லாருக்குமே யூஸ் ஆகட்டும்னு இங்க எழுதுறேன். நார்த் கரோலினால மாரிஸ்வில், கேரி பக்கம் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்பவே உதவும். மூணு வருஷமா போயிட்டு இருக்கற கடை. பேர் மட்டும் போடல, ஏன்னா ஓனரே கேட்டுக்கிட்டார், இப்பவே சனிக்கிழமைல கூட்டம் வாசல் வரைக்கும் நிக்குது, இருக்கற கஸ்டமருக்கே எடம் இல்லன்னு. வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க சொல்றேன்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடறேன். இங்க ஃபுட்பால்னா கைல புடிச்சு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம ஊர் ஃபுட்பால் இல்ல. அப்புறம் இந்த ஏரியால காலேஜ் டீம் தான் எல்லாம். டியூக் டர்ஹம்ல, யூஎன்சி (நார்த் கரோலினா யூனிவர்சிட்டி) சேப்பல் ஹில்ல, என்சி ஸ்டேட் ராலேல. டியூக்குக்கும் யூஎன்சிக்கும் நடுவுல 10 மைல் தான் தூரம். மூணுமே ஏசிசி லீக்ல ஆடற டீம். பாஸ்கெட்பால்ல தேசிய சாம்பியன்ஷிப் கணக்கு பாத்தா யூஎன்சி 6, டியூக் 5, ஸ்டேட் 2. ஒரே ஆபீஸ், ஒரே அபார்ட்மென்ட், சில வீட்ல ஒரே டைனிங் டேபிள்லயே மூணு டீம் ஆளுங்களும் இருப்பாங்க. நான் மாஸ்டர்ஸ் படிச்சது ஸ்டேட்ல, அதனால செவப்பு சட்டை ஆளு, இத மறைச்சு ரிவ்யூ எழுத மாட்டேன்.

இப்ப கடைக்கு வரேன். வெளிய பாத்தா சாதாரண ஸ்ட்ரிப் மால், ஒரு பக்கம் ட்ரை க்ளீனர், இன்னொரு பக்கம் நெயில் சலூன். உள்ள போனா 14 டிவி, மூணு பக்கமும் பூத், நடுவுல ஒரு நீள டேபிள், சுமார் 20 பேர் உக்காரலாம். அந்த நீள டேபிள் தான் விஷயமே. பூத்ல உக்காந்தீங்கன்னா இது இன்னொரு ஸ்போர்ட்ஸ் பார், அவ்வளவு தான், இந்த ஊர்ல பத்து இருக்கு. நீள டேபிள்ல யார் வேணா யார் பக்கத்துல வேணா உக்காரலாம், ஆனா அங்க ஒரு வழக்கம் இருக்கு, கரும்பலகைல சாக்பீஸ்ல எழுதி கூட போட்டிருக்காங்க. அடுத்தவன் டீம்ல குறை சொல்லணும்னா முதல்ல உன் டீம்ல ஒரு குறைய சொல்லணும், அதுவும் உருப்படியா, சும்மா "எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்ல"ன்னு சொன்னா செல்லாது, மொத்த டேபிளும் கைய தட்டி உக்கார வச்சிடும். முதல் தடவ பாத்தப்ப இது என்னடா சின்ன புள்ள விளையாட்டுன்னு நெனச்சேன். மூணு வருஷம் கழிச்சு சொல்றேன், நான் பாஸ்கெட்பால் கத்துக்கிட்டதே அந்த டேபிள்ல தான். நம்ம ஆளுங்க கிரிக்கெட் பேசுறப்ப ஆளாளுக்கு கத்துவோம்ல, யாரும் யார் பேச்சையும் கேக்க மாட்டோம், இங்க கேக்கறாங்க, ஏன்னா எதிர்ல இருக்கறவன் ஏற்கனவே தன் டீமோட ஓட்டைய தொறந்து காட்டிட்டான், அப்புறம் அவன் சொல்ற குறைல நியாயம் இருக்கும்னு ஒரு நம்பிக்கை வந்துடுது.

ஒரு உதாரணம் சொல்றேன். டியூக் சட்டை போட்ட ஒரு அம்மா அடிக்கடி வருவாங்க, ஸ்கூல் டீச்சர். அவங்க 2025 ஏப்ரல் ஃபைனல் ஃபோர் (தேசிய சாம்பியன்ஷிப் செமி ஃபைனல்) பத்தி பேசுனது இன்னும் காதுல இருக்கு. ஸ்டார் ஆட்டக்காரன் கூப்பர் ஃப்ளாக் இருந்த டீம், அந்த சீசன்ல மொத்தமே மூணு மேட்ச் தான் தோத்துட்டு வந்திருந்தாங்க, சான் அன்டோனியோல ஹூஸ்டன் கூட 14 பாயிண்ட் லீட். கடைசி 35 செகண்ட்ல கூட 6 பாயிண்ட் முன்னாடி. 70-67ன்னு தோத்துட்டாங்க. அந்த அம்மா சொன்னது என்னன்னா, "எல்லாரும் கடைசி அரை நிமிஷத்த பேசுறாங்க, நான் கடைசி பத்து நிமிஷத்த பேசுறேன், பத்து நிமிஷத்துல எங்களுக்கு ஒரே ஒரு ஃபீல்ட் கோல் (ஆட்டத்துக்கு நடுவுல போட்ட கூடை), டேலன்ட் இருந்துச்சு, ஆனா முதல் வருஷ பசங்கள நம்பி டீம் கட்டினா இப்படித்தான், அவங்க சீசன்ல பாதி மேட்ச் 20 பாயிண்ட்ல ஜெயிச்சு பழகிட்டாங்க, நெருக்கத்துல ஆடி பழகவே இல்ல, ஹூஸ்டன்ல பாரு, பெரும்பாலும் பல வருஷம் ஆடி பழகுன ஆளுங்க, புடிச்ச புடிய விடல"ன்னு. சொந்த டீம பத்தி இவ்வளவு தெளிவா, அழுகை வராத கொறையா ஒருத்தர் பேசுனா அதுக்கு மேல நான் என்ன கிண்டல் பண்றது. அன்னைக்கு யாரும் பண்ணல.

யூஎன்சி ஆளுங்க கொஞ்சம் வேற மாதிரி, அவங்களுக்கு பழைய பெருமை அதிகம். 1982-ல ஜோர்டான் ஜார்ஜ்டவுன் மேல அடிச்ச ஷாட்டு, அந்த 63-62, அதுல இருந்து தான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் 2022, அது அவங்களுக்கு தங்க வருஷம்னும் சொல்லலாம் தீராத வலின்னும் சொல்லலாம். மார்ச்ல, டியூக்க பல வருஷம் நடத்துன கோச் கே-யோட கடைசி ஹோம் மேட்ச்ல போய் டியூக்கோட சொந்த ஸ்டேடியம் கேமரன் இன்டோர்லயே 94-81 அடிச்சாங்க, ஏப்ரல் 2 நியூ ஆர்லியன்ஸ்ல 81-77ன்னு அவரோட கடைசி மேட்சையும் முடிச்சு வச்சாங்க, ரெண்டு நாள் கழிச்சு ஃபைனல்ல கான்சஸ் மேல பாதி நேரத்துல 15 பாயிண்ட் லீட் வச்சிருந்து 72-69ன்னு தோத்தாங்க. நீள டேபிள்ல ஒரு யூஎன்சி பையன், ஃபிசியோதெரபிஸ்ட், சொன்ன குறை தான் எனக்கு சரின்னு பட்டுச்சு. "பெஞ்சுல ஆளே இல்ல, அஞ்சு பேர் தான் ஆடுனாங்க, கடைசில எங்க உயரமான ஆளு பேகாட் கணுக்கால் மடங்கினப்ப எங்க கதையும் மடங்கிடுச்சு"ன்னான். அதே பேகாட் போனதுக்கப்புறம் 2024-25ல ரிங் பக்கத்துல உயரமான ஆளே இல்லாம தடுமாறினத அவனே தான் எடுத்துக் குடுத்தான், நாங்க கேக்கவே இல்ல.

சரி என் டீமுக்கு வரேன். இங்க தான் பெரியவர் வரார். வயசு அறுபதுக்கு மேல, 1983-ல ஸ்டேட்ல ஸ்டூடண்ட். அந்த வருஷ ஃபைனல், ஹூஸ்டன் டீம்ல ஒலாஜுவான், ட்ரெக்ஸ்லர் ரெண்டு பேரும், யாரும் ஸ்டேட்டுக்கு சான்ஸே குடுக்கல, 52-52ல கடைசி செகண்ட்ல விட்டன்பர்க் தூக்கிப் போட்ட பந்து ரிங் வரைக்கும் கூட போகல, லொரென்சோ சார்ல்ஸ் காத்துலயே புடிச்சு டங்க் பண்ணி 54-52. இத நான் யூட்யூப்ல நூறு தடவ பாத்திருக்கேன், ஆனா அவர் அன்னைக்கு ராத்திரி ஸ்டேட் கேம்பஸ் பக்கத்து ஹில்ஸ்பரோ ஸ்ட்ரீட்ல நின்னவர். பேசுறப்ப குரல் கம்மிடும்.

ஆனா அவர் பெரிய ஆளா எனக்கு தெரிஞ்சது 1983 கதையால இல்ல. 2024 மார்ச்சுல நடந்தத புரிய வச்சதுல. ஸ்டேட் அப்ப 17-14 (17 வெற்றி, 14 தோல்வி), ரெகுலர் சீசன் கடைசி நாலு மேட்சும் தோல்வி, ஏசிசி டோர்னமெண்ட்ல 10-வது சீட், அதாவது வரிசைல 10-வது எடம். வாஷிங்டன்ல அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச், லூயிவில், சிராக்யூஸ், டியூக், வர்ஜீனியா, கடைசில யூஎன்சி, அஞ்சையும் ஜெயிச்சாங்க. வர்ஜீனியா மேட்ச்ல ஓ'கானல் கடைசி செகண்ட்ல போட்ட த்ரீ பாயிண்டர் போர்டுல பட்டு உள்ள விழுந்து ஓவர்டைம் போச்சு, நான் அப்ப இந்த கடைல தான் இருந்தேன், பக்கத்துல இருந்த முன்ன பின்ன தெரியாத ஆள் என்னை கட்டிப்புடிச்சு தூக்கிட்டார். மோ டியாரா ரம்ஜான் நோன்பு வச்சுக்கிட்டே ரீபவுண்ட் (ரிங்ல விழாம திரும்பற பந்து) மேல ரீபவுண்டா எடுத்துட்டு இருந்தார், அத நெனச்சா இப்பவும் மெய் சிலிர்க்குது. 1987-க்கப்புறம் வந்த முதல் ஏசிசி கப்.

அடுத்து என்சிஏஏ தேசிய டோர்னமெண்ட்ல டியூக்க டல்லஸ்ல மறுபடி சந்திச்சப்ப பாதில 27-21ன்னு பின்னாடி இருந்து 76-64ன்னு முடிச்சாங்க, டிஜே பர்ன்ஸ் மட்டும் 29. அடுத்த நாள் நான் பெரியவர் கிட்ட கேட்டேன், ஐயா அந்த குண்டு மனுஷன் அவ்வளவு மெதுவா தானே ஆடறார், ஏன் யாராலயும் தடுக்க முடியலன்னு. அவர் ஒண்ணும் பேசல, டேபிள்ல இருந்த உப்பு டப்பாவ எடுத்தார், அது பர்ன்ஸ். மிளகு டப்பாவ அதுக்கு பின்னாடி ஒட்டி வச்சார், அது டியூக் டிஃபெண்டர். என் தட்டுல இருந்து நாலு செலரி குச்சிய எடுத்து அரை வட்டமா சுத்தி வச்சார், அதுங்க வெளில நிக்கற ஷூட்டர்ஸ். உப்பு டப்பாவால மிளகு டப்பாவ மெதுவா இடிச்சார், ஒரு இடி, ரெண்டு இடி, ஒவ்வொரு இடிக்கும் அரை இன்ச் ரிங் பக்கம் நகருது. "அவன் ரைட் ஹேண்டரா இருந்தா இவங்க தடுத்திருப்பாங்க, லெஃப்ட் ஹேண்டர், எல்லா டிஃபெண்டரும் வாழ்நாள் பூரா ரைட் ஹேண்டர தடுத்து பழகினவன், உடம்பு தப்பான பக்கம் சாயும்"ன்னு சொல்லி உப்பு டப்பாவ அப்படியே இடது பக்கம் சுத்தினார். அப்புறம் இன்னொரு கெட்சப் பாட்டில கொண்டு வந்து ரெண்டாவது டிஃபெண்டரா வச்சார். உடனே ஒரு செலரி குச்சிய விரலால தட்டினார், "ரெண்டு பேர் வந்தா இவன் ஃப்ரீ, பர்ன்ஸுக்கு பாஸ் பண்ற கண்ணு இருக்கு, ஒருத்தன விட்டா ரெண்டு பாயிண்ட், ரெண்டு பேர விட்டா மூணு பாயிண்ட், எத குடுக்கறதுன்னு கோச் தான் முடிவு பண்ணணும்." மூணு நிமிஷம் தான். அதுவரைக்கும் பாஸ்கெட்பால்னா ஓடறது தாவறதுன்னு நெனச்சிருந்தேன், அதுக்கப்புறம் நான் மேட்ச் பாக்கற விதமே மாறிடுச்சு.

அதே மூச்சுல குறையும் சொன்னார். "இது ஒரு ஆள வச்சு ஓடுன வண்டி, அவன் போனா நின்னுடும்"ன்னு. நின்னுடுச்சு. அடுத்த சீசன் 12-19, கப்ப ஜெயிச்ச டீம் அடுத்த வருஷம் ஏசிசி டோர்னமெண்டுக்கே தகுதி பெறல, 2025 மார்ச்ல கோச் கெவின் கீட்ஸ அனுப்பிட்டாங்க.

ஃபுட்பால் பேச்சு வந்தா டேபிள்ல சூடு இன்னும் ஜாஸ்தி, ஏன்னா ரொம்ப வருஷமா மூணு பேருக்குமே பெருமை பேச பெருசா ஒண்ணும் இருந்ததில்ல. ஸ்டேட் கடைசியா ஏசிசி ஜெயிச்சது 1979, யூஎன்சி 1980. எங்க கிட்ட ஃபிலிப் ரிவர்ஸ் நாலு வருஷம் குவார்ட்டர்பேக் (ஆட்டத்த நடத்தி பந்து எறியற ஆள்), அப்புறம் ரஸ்ஸல் வில்சன் மூணு சீசன், ரெண்டு பேரும் ப்ரோ லீக்கான என்எஃப்எல்ல கொடி கட்டி பறந்தவங்க, அப்படி ஆளுங்கள வச்சுக்கிட்டும் ஒரு லீக் கப் வரலன்னா குறை குவார்ட்டர்பேக் கிட்ட இல்ல, முன்னாடி நிக்கற லைன்ல, பெஞ்ச் ஆழத்துலன்னு நான் சொல்லுவேன், டேபிள்ல பாதி பேர் ஒத்துக்குவாங்க. யூஎன்சி ஆளுங்க, என்எஃப்எல் ஃபைனலான சூப்பர் பவுல ஹெட் கோச்சா ஆறு தடவ ஜெயிச்ச பில் பெலிசிக்கையே வருஷத்துக்கு 10 மில்லியன் டாலர்னு கூட்டிட்டு வந்தாங்க, முதல் மேட்சே சொந்த ஊர்ல டிசியூங்கற டெக்சாஸ் காலேஜ் கிட்ட 48-14ன்னு தோல்வி, சீசன் முடிவு 4-8. இதுல ஃபிசியோ பையன் சொன்னது நியாயம், "புது கோச் வந்தார்னு ஒரே வருஷத்துல டீம் பூரா போர்ட்டல்ல (வேற காலேஜுக்கு மாற விரும்பற ஆளுங்க லிஸ்ட்) இருந்து மாத்தினா ஒருத்தனுக்கு ஒருத்தன் பேர் தெரியறதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும்".

2025 டிசம்பர் 6 ராத்திரி கடைல நான் இருந்தேன். ஷார்லட்ல ஏசிசி ஃபைனல், டியூக் வர்ஜீனியா. டியூக் ஃபுட்பால்னா இந்த ஊர்ல வழக்கமா யாரும் கண்டுக்க மாட்டாங்க, 1962-க்கப்புறம் அவங்களுக்குன்னு தனியா ஒரு ஏசிசி டைட்டில் கிடையாது. கடைசி நிமிஷத்துல வர்ஜீனியா சமன் பண்ணிடுச்சு, ஓவர்டைம், டியூக் நாலாவது டௌன்ல, அதாவது கடைசி சான்ஸ்ல, ரிஸ்க் எடுத்து டச்டௌன் போட்டு 27-20. டீச்சர் அம்மா எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் வாய பொத்திக்கிட்டாங்க. பெரியவர் செவப்பு தொப்பிய கழட்டி அவங்களுக்கு கை குடுத்தார். அப்புறம் அரை மணி நேரம் வாதம், அஞ்சு மேட்ச் தோத்த சாம்பியன தேசிய ப்ளேஆஃப்ல சேக்கணுமா வேண்டாமான்னு. கமிட்டி சேக்கல. அந்த டேபிள் பெரும்பாலும் சேக்க வேண்டாம்னு தான் சொல்லுச்சு, டீச்சர் அம்மா உட்பட.

இப்பல்லாம் வாதம் எங்க ஆரம்பிச்சாலும் பணத்துல தான் போய் முடியுது. 2025 ஜூலைல இருந்து காலேஜே பசங்களுக்கு நேரா காசு குடுக்கலாம், முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு உச்ச வரம்பு 20.5 மில்லியன் டாலர். எல்லா விளையாட்டுக்கும் சேத்து ஒரே உண்டியல். ஃபுட்பாலுக்கு எவ்வளவு பாஸ்கெட்பாலுக்கு எவ்வளவுங்கறது தான் கேள்வி. ஃபுட்பால்ல டிவி காசு ஜாஸ்தி, ஆனா ஆளும் ஜாஸ்தி. பாஸ்கெட்பாலுக்கு நல்ல ஆளு ரெண்டு பேர் கெடச்சா போதும் சீசனே மாறிடும். என் கருத்து, இந்த ஊரோட உசுரு பாஸ்கெட்பால், அதுல கைய வச்சு ஃபுட்பாலுக்கு குடுத்தா ரெண்டும் போயிடும். பெரியவர் இத ஒத்துக்க மாட்டார், ஃபுட்பால் இல்லன்னா நாளைக்கு பெரிய லீக் நம்மள சேத்துக்காதுன்னு சொல்லுவார், அதுலயும் அர்த்தம் இருக்கு. இந்த சண்டை இன்னும் முடியல.

சாப்பாடு. எதிர்பார்ப்ப கொறச்சுக்கங்க. விங்ஸ் பத்து பீஸ் 17 டாலர், கூட்டம் இல்லாத நாள்ல மொறு மொறுன்னு நல்லா வரும், மேட்ச் நாள்ல சாஸ்ல ஊறி தொள தொளன்னு வரும், அதனால மேட்ச் நாள்ல சாஸ தனியா கேட்டு வாங்குங்க. காரம் "ஹாட்"னு போட்டிருக்கறது நமக்கு ஒண்ணுமே இல்ல, அதுக்கு மேல ஒரு லெவல் இருக்கு அத கேளுங்க. புல்டு போர்க் சாண்ட்விச் வினிகர் போட்ட கிழக்கு கரோலினா ஸ்டைல், இது உண்மையாவே நல்லா இருக்கு. சைவம் சாப்பிடறவங்களுக்கு வெண்டைக்காய் சோளமாவுல பொரட்டி பொரிச்சது கெடைக்கும், என் மனைவிக்கு அது தான் உசுரு, ஹஷ்பப்பீஸ்னு சோளமாவு உருண்டை, அதுவும் ஓகே. சிக்கன் பொரிக்கற எண்ணெய் தானான்னு கேட்டோம், வேற ஃப்ரையர்னு உள்ள கூட்டிட்டு போயே காட்டினாங்க, இது எனக்கு ரொம்ப புடிச்சது. ஸ்வீட் டீ பாயசம் மாதிரி இனிக்கும், பாதி ஸ்வீட் பாதி சாதான்னு கேட்டா கலந்து குடுப்பாங்க.

சர்வீஸ்ல ஒரு குறை. போன நவம்பர்ல எங்க பில்லுல பக்கத்து ஆளோட ஒரு பீர் பிட்சர் ஏறிடுச்சு, சொன்ன உடனே தப்ப ஒத்துக்கிட்டாங்க, ஆனா அத எடுக்கவே இருபது நிமிஷம் ஆச்சு, குழந்தை தூக்கத்துல அழுதுட்டு இருந்தா. நீள டேபிள்ல உக்காந்தா ஆரம்பத்துலயே தனி பில்லுன்னு சொல்லிடுங்க. இன்னொண்ணு, ரெண்டு மேட்ச் ஒரே நேரத்துல வந்தா எதுக்கு சவுண்டுன்னு கை தூக்க சொல்லி முடிவு பண்றாங்க, முறை சரி தான், ஆனா யூஎன்சி கூட்டம் எப்பவும் ஜாஸ்தி அதனால எங்களுக்கு பல நாள் சவுண்டே கெடைக்கறதில்ல. ஒரு சனிக்கிழமையாவது மாத்தி விடணும், ஓனர் கிட்டயும் சொல்லிட்டேன்.

குழந்தைங்கள மதியம் கூட்டிட்டு போகலாம், ராத்திரி 8 மணிக்கு மேல வேண்டாம். பார்க்கிங் முன்னாடி கெடைக்காது, பின்னாடி ட்ரை க்ளீனர் பக்கம் சுத்தி போங்க, ஞாயித்துக்கிழமை அது பூரா காலி. மொத்தத்துல சாப்பாட்டுக்கு அஞ்சுக்கு மூணு, சர்வீஸுக்கு மூணரை, நீள டேபிளுக்கு அஞ்சுக்கு அஞ்சு.

தம்பி, உனக்கு தான் சொல்றேன், மேட்ச் 12 மணின்னா 11-க்கே போயிடு, டேபிள் நடுவுல எடம் புடி, எந்த டீம்னு கேட்டா யோசிக்காம சொல்லு, கூடவே அந்த டீம்ல ஒரு குறையும் தயாரா வச்சுக்க. செவப்பு தொப்பி போட்ட பெரியவர் எதிர்ல உக்காந்தார்னா உப்பு டப்பாவ அவர் கைக்கு எட்டற மாதிரி நகர்த்தி வச்சிடு.